பலசரக்குக் கடை, எதிரே சூப்பர் மார்க்கெட், நடுவில் ஒரு பெஞ்சு: குறைந்த செலவுப் படத்துக்கு இந்தக் கதை தாங்குமா?

நீங்களும் உங்கள் நண்பர்கள் மூவரும் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு முழுநீள நகைச்சுவைப் படம் எடுக்க நினைக்கிறீர்கள். ஒரு பழைய பலசரக்குக் கடை, அதன் முன்னால் நாள் முழுவதும் வெட்டியாக உட்கார்ந்திருக்கும் இரண்டு இளைஞர்கள், எதிரே ஊருக்கு ஊர் கிளை பரப்பிய ஒரு சூப்பர் மார்க்கெட் திறப்பு விழா என்று கதை தொடங்குகிறது. கையில் இருப்பது சில லட்சம் ரூபாய். இந்தக் கதை ஒன்றரை மணி நேரத்தைத் தாங்குமா, ஒன்றுமே செய்யாத ஆட்களை வைத்துச் சிரிக்க வைக்க முடியுமா, கடைசியில் சின்னக் கடை ஜெயிக்க வேண்டுமா தோற்க வேண்டுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

என் தந்தை தக்கலைக்கு மேற்கே ஒரு சாலையோரத்தில் 31 ஆண்டுகள் பலசரக்குக் கடை நடத்தியவர். நான் பள்ளிவிட்டு வந்ததும் அந்தக் கல்லாவில்தான் உட்கார்ந்தேன். பிற்பாடு பத்துப் பன்னிரண்டு குறும்படங்களில் வசனத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வேலை செய்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்: கதை தாங்கும். ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் சுருக்கத்தில், கடையைக் காப்பாற்ற ஊர் கூடிப் பணம் திரட்டுவது, முதலாளி வில்லனாக வந்து மிரட்டுவது, மேடையில் ஒருவர் விவசாயிகளைப் பற்றி முழங்குவது என்று இரண்டாம் பாதி போகிறதே, அந்த வழியில் தாங்காது. அதற்குப் பெரிய கூட்டம் வேண்டும், பெரிய செலவு வேண்டும், பார்ப்பவருக்கு அது நூறு முறை பார்த்த காட்சியாகவும் இருக்கும். உங்கள் கதையின் உயிர் நீங்கள் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போன பெஞ்சில் இருக்கிறது. சின்னக் கடையில் உட்கார இடம் உண்டு, எதிர்க்கடையில் உட்கார இடம் கிடையாது. வெட்டியாக இருப்பவர்களைப் பற்றிய படத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி எதுவும் இல்லை. படம் முழுவதையும் அதைச் சுற்றியே கட்டலாம்.

முதலில் செலவு. இந்த வகைப் படங்களில் எல்லோரும் சுட்டுகிற உதாரணம் 1994-இல் வெளிவந்த 'கிளர்க்ஸ்'. கெவின் ஸ்மித் என்ற இளைஞர், நியூ ஜெர்சியின் லியோனார்டோ என்ற ஊரில் தாம் வேலை பார்த்த சிறு கடையிலேயே அதை 27,575 டாலர் செலவில், 16 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்தார். பகலில் கடையில் வியாபாரம் நடக்கும் என்பதால் கடை அடைத்த பிறகு இரவில்தான் படம்பிடிக்க முடிந்தது. கதையோ பகலில் நடப்பது. ஜன்னல் வழியே இருட்டுத் தெரிந்தால் எல்லாம் கெட்டுவிடும். ஆகவே, யாரோ பூட்டுத் துவாரத்தில் சூயிங் கம்மை அடைத்துவிட்டார்கள், அதனால் ஷட்டரைத் தூக்க முடியவில்லை என்று கதைக்குள்ளேயே ஒரு காரணத்தை எழுதிக்கொண்டார். அது படத்தின் முதல் நகைச்சுவையாகவும் ஆனது. இதை நான் சொல்வது அந்தப் படத்தைப் போல எடுக்கச் சொல்வதற்காக அல்ல. கையில் இல்லாததை மறைக்கப் பாடுபடாமல் அதையே கதையின் சம்பவமாக மாற்றிய அந்த ஒரு புத்திக்காகச் சொல்கிறேன்.

உங்களுக்கு எது இல்லை? சூப்பர் மார்க்கெட்டின் உள்ளே படம்பிடிக்க அனுமதி கிடைக்காது, அப்படி ஒன்றைக் கட்டியெழுப்பக் காசும் கிடையாது. அப்படியானால் அந்தக் கடைக்குள் படம் ஒருமுறைகூடப் போகாமலே இருக்கட்டும். சாலைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் இருந்து பார்க்கும்போது என்ன தெரியுமோ அதை மட்டும் காட்டுங்கள்: கண்ணாடிக் கதவு திறந்து மூடும்போது வருகிற வெளிச்சம், அச்சிட்ட துணிப்பையோடு வெளியே வருகிற பக்கத்து வீட்டுக்காரர், நம் பக்கம் திரும்பாமல் வேகமாக நடக்கும் அவருடைய நடை. பழகிய வாடிக்கையாளர் எதிர்க்கடைப் பையை இந்தக் கடைக்காரர் கண்ணில் படாமல் கொண்டுபோகப் படும் பாட்டை வைத்தே ஐந்து நிமிடம் சிரிக்க வைக்கலாம். என் தந்தையின் கடைமுன் அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்களோடு இருபது ஆண்டு பற்று வைத்திருந்த ஓர் அம்மாள் அந்தப் பையைப் புடவைத் தலைப்பால் போர்த்தி, குழந்தையைத் தூக்குவது போல அணைத்துக்கொண்டு போனார். தந்தை தராசுப் படிக்கல்லைத் துடைக்கிற பாவனையில் குனிந்துகொண்டார். இருவரும் ஒருவருக்கொருவர் செய்த மரியாதை அது.

அடுத்து, ஒன்றும் செய்யாதவர்களை வைத்துக் கதை நகர்த்துவது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதனால் நம் ஊர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் படிக்காதவன் கிடையாது. இன்ஜினியரிங் முடித்து இரண்டு அரியர் வைத்திருப்பான், வளைகுடாவில் இருக்கும் மாமா விசா அனுப்புவதாகச் சொன்ன நாளிலிருந்து காத்திருப்பான், அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வைத் தமிழ்நாட்டில் எழுதுவதா, அத்தை வீட்டு முகவரியில் கேரளத்தில் எழுதுவதா என்று ஆண்டுக்கணக்கில் யோசிப்பான். அவனைச் சோம்பேறி என்று எழுதாதீர்கள், காத்திருப்பவன் என்று எழுதுங்கள். காத்திருப்பவனுக்குச் சின்ன விஷயமெல்லாம் பெரிதாகத் தெரியும். மட்டிப் பழமா, ரசகதலியா எது பெரியது என்று அவன் இரண்டு மணி நேரம் வாதாடுவான். கடை முகப்பில் தொங்கும் ஏத்தன் வாழைக்குலையில் காலையில் எத்தனை காய், மாலையில் எத்தனை காய் என்று எண்ணி, அதை வைத்து நாட்டின் பொருளாதாரம் சொல்வான்.

இப்படிப் பேசிக்கொண்டே இருப்பது நம் இலக்கியத்துக்குப் புதிதும் இல்லை. நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி 1966-இல் வெளியிட்ட 'ஒரு புளியமரத்தின் கதை'யில் தாமோதர ஆசான் கதை சொல்ல, இளவட்டங்கள் மரத்தடியில் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள். அதே மரத்தைச் சுற்றித்தான் தாமு, காதர் என்ற வியாபாரிகளின் போட்டியும் நடக்கிறது. கடைத்தெரு, வெட்டிப்பேச்சு, வியாபாரப் போட்டி மூன்றும் ஒரே நிழலில் இருக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டுப் படங்களைத் தேடிப் போகவே வேண்டாம்.

ஆனாலும் பேச்சு மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்குப் போதாது, ஒரு இழுவை வேண்டும். அதற்கு நான் ஒரு சம்பவம் தருகிறேன், எங்கள் பக்கத்துக் கடைகளில் நடப்பதுதான். திறப்பு விழாச் சலுகையாகச் சூப்பர் மார்க்கெட் சர்க்கரையை நட்டத்துக்கு விற்கும், ஒரு பில்லுக்கு 2 கிலோ என்று எழுதி ஒட்டியிருக்கும். அந்த விலை, சின்னக் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் வாங்கும் விலையைவிடக் குறைவு. கடைக்காரர் என்ன செய்வார்? பெஞ்சில் இருக்கும் பையன்களைக் கூப்பிட்டுக் கையில் பணம் கொடுத்து அங்கே அனுப்புவார். எதிரியின் சர்க்கரை, நம் கடைச் சாக்கில் சேரும்.

இதை அப்படியே படத்தின் முதுகெலும்பாக வையுங்கள். வாழ்நாளில் ஒரு வேலையும் செய்யாதவர்கள், வரிசையில் நின்று 2 கிலோ, சட்டையை மாற்றிக்கொண்டு இன்னொரு 2 கிலோ, பாட்டியைக் கூட்டிப்போய் இன்னொரு 2 கிலோ என்று பம்பரமாகச் சுழல்கிறார்கள். "லேய், எனக்க அம்மைக்கு அங்க ஒரு பில்லு, உனக்க அம்மைக்கு ஒரு பில்லு, ரெண்டு பேருக்கும் சுகர் வேற இருக்கு" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் நோட்டில் கணக்கெழுதுகிறான். அவர்களுக்கே தெரியாமல் அவர்கள் ஒரு மொத்த வியாபாரத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட் கல்லாவில் இருக்கும் பெண் மூன்றாவது முறையே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறாள். ஆனால் ஒன்றும் சொல்லாமல் பில் போடுகிறாள். ஏன் சொல்லவில்லை என்பதுதான் அடுத்த அரைமணி நேரக் கதை. உள்ளே போகாமல் இதைக் காட்ட முடியுமா என்று கேட்பீர்கள். போகிறவர்களையும் வருகிறவர்களையும் பெஞ்சில் இருப்பவன் நேர்முக வர்ணனை செய்தால் போதும். அது இன்னும் வேடிக்கையாக இருக்கும்.

அந்தப் பெண்ணிடம் வருவோம். உங்கள் சுருக்கத்தில் அவள் ஒரு காதல் பாட்டுக்கு மட்டும் வருகிறாள். அவள்தான் படத்தில் நின்றுகொண்டிருப்பவள். பெரிய கடைகளில் வேலை செய்யும் பெண்கள் நாள் முழுவதும் உட்காரக் கூடாது என்பது நெடுங்காலம் எழுதப்படாத விதியாக இருந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள், 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதிய பிரிவு சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. சென்னை ரங்கநாதன் தெருவின் பெரிய கடை ஒன்றில் வேலை செய்யும் தென்மாவட்டப் பிள்ளைகளின் வாழ்வை 2010-இல் வசந்தபாலன் 'அங்காடித் தெரு'வில் காட்டினார், அதற்கு வசனம் எழுதிய ஜெயமோகன் நம் மாவட்டத்துக்காரர். அது கண்ணீரோடு சொன்ன கதை, அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சிரிப்போடு சொல்லப் போகிறீர்கள் என்பதால் அந்த வலியைத் தவிர்த்துவிட வேண்டும் என்று இல்லை. சாலைக்கு ஒரு பக்கம் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருப்பவன், மறுபக்கம் வேலை இருப்பதாலேயே உட்கார முடியாதவள், இருவரும் கண்ணாடி வழியே ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். சட்டத்துக்காக ஒரு ஸ்டூல் போட்டிருக்கும், அதன் மேல் சலுகை விலை பிஸ்கட் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். அந்த அட்டைப்பெட்டி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயர்வதை மட்டும் கதவு திறக்கும் போதெல்லாம் காட்டிவாருங்கள்.

இங்கேதான் நீங்கள் எழுதத் தவறிய ஒன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. பெஞ்சு எல்லோருக்கும் சுதந்திரம் இல்லை. கடைமுன் நான்கு ஆண்கள் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டிருந்தால், சானிட்டரி நாப்கின் வாங்க வரும் பெண் அந்தக் கடையில் என்ன செய்வாள்? என் தந்தை அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டு, குரலைத் தாழ்த்திக் கொடுப்பார், கண்ணியமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு. என் அக்காவே சூப்பர் மார்க்கெட் வந்த முதல் மாதத்தில் அங்கே போய்விட்டாள். அங்கே யாரும் பார்ப்பதில்லை, எதையும் தானே எடுத்துப் பார்க்கலாம், விலை அச்சிட்டிருக்கிறது, பேரம் இல்லை, "அப்பா எங்கே, கல்யாணம் எப்போ" என்ற விசாரணை இல்லை என்றாள். விலைக்குறைவைவிட இதற்காகத்தான் பல பெண்கள் சாலையைக் கடந்தார்கள் என்பது என் கணிப்பு. உங்கள் கல்லாப் பெண் இதைப் பையன்களின் முகத்துக்கு நேரே சொல்கிற ஒரு காட்சி இருந்தால், சின்னக் கடை நல்லது, பெரிய கடை கெட்டது என்ற கோடு அங்கேயே கலையும். 'கிளர்க்ஸ்' படத்திலும் வாடகை வீடியோ கடையில் வேலை பார்ப்பவனே, தன் கடையில் நல்ல படம் இல்லை என்று பக்கத்தில் இருக்கும் பெரிய வீடியோ கடைக்குப் போய்ப் படம் எடுத்து வருவான். அந்த நேர்மை இருப்பதால்தான் அவன் பேசும் மற்றதையும் நம்புகிறோம்.

பெரிய கடை ஏன் மலிவாக விற்கிறது என்பதையும் வசனமாகச் சொல்லாமல் சம்பவமாகக் காட்டலாம். சின்னக் கடைக்கு வாரம் ஒருநாள் கம்பெனி விற்பனையாளர் வருவார், ஆர்டர் எழுதுவார், மறுநாள் விநியோகஸ்தரின் வண்டி வரும். பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது போன்ற ஸ்கீமில்தான் கடைக்காரருக்கு நாலு காசு தேறும். பெரிய கடையோ லாரி லாரியாகக் கம்பெனியிடமே நேராக வாங்கும், அலமாரியில் கண்மட்டத்தில் வைக்கும் இடத்துக்குக்கூடக் கம்பெனியிடம் காசு கேட்கும். ஒருமுறை என் தந்தை, விநியோகஸ்தர் கொடுத்த சோப்புப் பெட்டியின் அடக்க விலையையும் எதிர்க்கடைத் துண்டறிக்கையில் அச்சிட்டிருந்த சில்லறை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். அடக்கம்தான் அதிகமாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் வந்த விற்பனையாளருக்கு வழக்கம்போலச் சர்பத் போட்டுக் கொடுத்தார், நன்னாரியில் பாளையங்கோட்டான் பழத்தைப் பிசைந்து போட்டு. அந்தப் பையனுக்கும் மாத இலக்கு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கடைக்குள் நிற்கும் குளிர்பானக் குளிர்பெட்டிகூடப் பெரும்பாலும் கம்பெனி கொடுத்ததுதான், அதில் வேறு கம்பெனிச் சரக்கை வைக்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். 2017 மார்ச் முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, அந்தப் பெட்டிகளில் பலர் தயிரும் மோரும் வைத்தார்கள். சின்னக் கடை கார்ப்பரேட்டுக்கு வெளியே இருக்கிறது என்று நினைப்பது தவறு, அதன் நடுவிலேயே ஒரு குளிர்பெட்டி நிற்கிறது.

வணிகர் சங்கம் என்றதும் இன்னொரு நாள் நினைவுக்கு வருகிறது. மே 5 வணிகர் தினம். அன்று சங்கக் கடைகள் அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போவார்கள், எதிர்க்கடை மட்டும் திறந்திருக்கும். ஊரில் ஒரு தீப்பெட்டி வேண்டுமென்றாலும் அங்கேதான் போக வேண்டும். கடையைக் காவல் காக்கச் சொல்லி விட்டுப்போன பையன்களுக்குப் பசிக்கிறது. அன்றைய ஒருநாளையே படத்தின் நடுப்பகுதியாக வைத்துக்கொள்ளலாம்.

இனி, சின்னக் கடையின் பலம் எது? பற்று நோட்டு. பெரிய கடையிடம் கணிப்பொறி இருக்கும், உறுப்பினர் அட்டை இருக்கும், ஆனால் கடன் கிடையாது. நம் மாவட்டத்தில் வருமானம் ஒரே சீராக வருவதில்லை. மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் பால் வெட்டு நின்றுவிடும், வெட்டுக்காரருக்குக் கூலி கிடையாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்குப் பெய்கின்றன, மாசியில் இலை உதிரும் காலத்திலும் வெட்டு நிற்கும். கடற்கரையிலும் அப்படித்தான். சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். அந்த மாதங்களில் குடும்பங்கள் அரிசியும் தேங்காயெண்ணெயும் வாங்குவது கடைக்காரர் எழுதிவைக்கும் ஒரு வரியின் பலத்தில். எங்கள் நோட்டில் ஆள் பெயரே இருக்காது. விளை என்கிற தோட்ட நிலத்தின் பெயரும் வீட்டு அடையாளமும்தான்: புளியடிவிளை, காட்டுவிளை மேலவீடு, கிணற்றங்கரை வெட்டுக்காரர். நூலில் கட்டிய ஒரு துண்டுப் பென்சில் நோட்டோடு தொங்கும். பணம் கொடுத்துவிட்டால் குறுக்கே ஒரு கோடு. கொடுக்க முடியாமல் யாராவது இறந்துபோனால் தந்தை அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதமாட்டார், தாளின் மூலையை மட்டும் மடித்துவிடுவார்.

இந்த நோட்டு வழியாகவே உங்கள் மூன்று இழைகளையும் கட்டிவிடலாம். கல்லாப் பெண்ணின் வீடு அந்த நோட்டில் இருக்கிறது. அவள் அப்பா வெட்டுக்காரர், ஆடி முழுவதும் மழை. எதிர்க்கடையில் மாதச் சம்பளம் வாங்கியதும் அவள் சாலையைக் கடந்து வந்து சின்னக் கடையின் பற்றை அடைக்கிறாள். பெரிய கடையின் பணம்தான் சின்னக் கடையை அந்த மாதம் நிமிர்த்துகிறது. சர்க்கரைக்காரப் பையன்களைக் காட்டிக்கொடுக்காமல் அவள் பில் போட்டதற்கான காரணமும் அங்கே புரிந்துவிடும், யாரும் விளக்க வேண்டாம். அந்தக் காட்சியில் இப்போதைய காலத்துக்கு ஏற்ற ஒரு சிரிப்பும் இருக்கிறது. கல்லாவில் இருக்கும் யு.பி.ஐ. பெட்டி யார் எவ்வளவு கொடுத்தாலும் ஊருக்கே கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லும். நான்காயிரம் பாக்கி வைத்திருக்கும் ஒருவர் பத்து ரூபாய்க்கு வெற்றிலை வாங்கிவிட்டு அனுப்ப, பெட்டி "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று முழங்கும், பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நோட்டு எதையும் யாரிடமும் சொல்லாது. கடைக்காரர் அந்தப் பெட்டியின் மேல் ஒரு துவாலையைப் போட்டு மூடுவதை நான் ஒரு கடையில் பார்த்தேன்.

மொழியைப் பற்றி ஒரு கண்டிப்பான வேண்டுகோள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடு இருந்த நிலம் இது. நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு, விளவங்கோட்டுப் பேச்சு வேறு. நாகர்கோவில் வடசேரியில் பேசுவது போலக் குழித்துறையில் யாரும் பேசமாட்டார்கள். படத்தில் எல்லோரும் ஒரே 'மக்கா'வைச் சொல்லிக்கொண்டிருந்தால் அது சென்னையில் இருந்து எழுதிய குமரித் தமிழாகிவிடும். மார்த்தாண்டத்துக் கதை என்றால் அந்தக் காதுள்ள நடிகர்களையே பிடியுங்கள், சினிமா அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சூப்பர் மார்க்கெட் மேலாளர் மட்டும் வேறு மாவட்டத்துக்காரராக இருந்து, பாதிப் பேச்சு புரியாமல் விழிக்கட்டும். பிறகு டப்பிங் செய்துகொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தப் பேச்சின் இழுப்பு ஸ்டுடியோவுக்குள் போனால் வராது, நேரடி ஒலிப்பதிவுதான் வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் கேமராவுக்குச் செலவழிப்பதைக் குறைத்து ஒலிக்குச் செலவழியுங்கள், படம் கொஞ்சம் மங்கினால் மன்னிப்பார்கள், பேச்சு கேட்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள். அதனாலேயே நெடுஞ்சாலையோரக் கடை வேண்டாம், பேருந்து ஹாரனை அடக்க முடியாது. உள்சாலையில், வளைவுக்கு அப்பால் ஒரு கடையைத் தேடுங்கள். எதிரே ஏதாவது ஒரு புதுக்கட்டடத்தின் கண்ணாடிக் கதவு கிடைத்தால் போதுமானது.

கடைக்குள் நடக்கும் காட்சிகளை இரவு பத்துக்கு மேல் எடுங்கள். பெஞ்சுக் காட்சிகளை ஞாயிறு காலை எடுங்கள், ஆராதனை முடியும் வரை கடை திறக்காத ஊர்கள் நமக்கு உண்டு. படப்பிடிப்பைத் தை நடுவில் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும், மழைக் காட்சி வேண்டுமானால் ஆனியில் ஒருநாள் தனியாக வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆறு பேர் குழு, பதினாறு பதினெட்டு நாள் என்று திட்டமிட்டால் முடியும். பீடி, சிகரெட்டை ஒரு சட்டகத்திலும் காட்டாதீர்கள். காட்டினால் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும், படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் அறிவிப்பு வைக்க வேண்டும், இவ்வளவு அமைதியான படத்தின் தாளத்தை அது குலைத்துவிடும். எதிர்க்கடைக்குக் கற்பனைப் பெயர், கற்பனை நிறம், கற்பனைப் பை. உண்மையான எந்த நிறுவனத்தையும் நினைவூட்ட வேண்டாம்.

முடிவைப் பற்றிக் கேட்டீர்கள். 'கிளர்க்ஸ்' படத்துக்கு முதலில் எழுதிய முடிவில், கடைப்பையனைக் கொள்ளையன் ஒருவன் சுட்டுக் கொன்றுவிடுவான். முதல் திரையிடலுக்குப் பிறகு, அறிந்தவர்கள் சொல்லி அதை வெட்டிவிட்டார்கள், பையன் கடையை அடைப்பதோடு படம் முடிந்தது. உங்கள் கடையும் இடிக்கப்பட வேண்டாம், எதிர்க்கடையும் மூடிக்கொண்டு ஓட வேண்டாம். சலுகை முடிகிறது, சர்க்கரை பழைய விலைக்கு வருகிறது, பையன்களுக்கு மறுபடி வேலை இல்லை. இரவு ஒன்பதே முக்காலுக்குப் பணி முடிந்து அந்தப் பெண் பேருந்துக்கு நிற்கிறாள். நிழற்குடை இல்லாத நிறுத்தம். இருவரில் ஒருவன் பெஞ்சின் ஒரு முனையைப் பிடிக்கிறான், மற்றவன் மறுமுனையைப் பிடிக்கிறான், சாலையைக் கடந்து அங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்கள். அவளைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் திரும்பி வந்து கடைப்படியில் உட்காருகிறார்கள். அதன் பிறகு படத்தில் ஒரு வசனமும் வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியாக ஒரு காரியம். படப்பிடிப்புக்குக் கடை தரும் அண்ணாச்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், மின்சாரக் கட்டணத்தையும் அவர் விற்க முடியாமல் போகும் நாட்களுக்கான பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஆனால் அவருடைய பற்று நோட்டை மட்டும் கேட்காதீர்கள், அவரே எடுத்துக் கொடுத்தாலும் கேமரா முன் வைக்காதீர்கள். அதில் இருப்பவர்கள் உங்கள் படத்தைப் பார்க்க வரப்போகிற அதே ஊர்க்காரர்கள். நீளவாக்கு நோட்டு ஒன்றை வாங்கி, தாளை லேசான தேயிலைத் தண்ணீரில் நனைத்து, ஒருநாள் வெயிலில் காயவைத்து, எண்ணெய்க் கையால் ஓரங்களைப் புரட்டிப் புரட்டி எடுங்கள். இல்லாத விளைப் பெயர்களாக ஐம்பது எழுதுங்கள். பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள்.